பழைய ஜில்லாவுக்கு ஓர் அடுப்பு

மலைச்சாமி ஓர் அப்பளத்தை எடுத்து எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம். எங்கள் கேம்ப்பின் கிச்சன் ஹாலில் வரிசையாக அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு மேலே அவன் குரல் கேட்டது.

"அண்ணாச்சி, நல்லாப் பாத்துக்கங்க. இதுதான் எங்க ராமநாதபுரம் ஜில்லா."

சொல்லிவிட்டு அதை மேஜையில் வைத்து முஷ்டியால் ஒரு குத்து. மூன்றாகப் போகும் என்று நினைத்திருப்பான், பாவம். அது பத்துப் பதினைந்தாகப் போயிற்று. ஆனாலும் அசரவில்லை. பெரிய துண்டுகளாக மூன்றைப் பொறுக்கி வரிசையாக வைத்தான். இது ராமநாதபுரம், இது சிவகங்கை, இது விருதுநகர் என்றான். மிச்சத் தூளை வாயில் போட்டுக்கொண்டான்.

"ஒடச்சது கவர்மெண்டு. ஒடைங்கன்னு நாங்க யாரும் கேக்கல. எங்கள ஒரு டீமா எறங்க விடுங்க."

குவைத்தில், ஃபஹாஹீலுக்குப் பக்கத்தில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் நெருப்பு தெரிகிற தூரத்தில் இருந்தது அந்தக் கேம்ப். நான் அங்கே கேபிள் இழுக்கிற கும்பலுக்கு ஃபோர்மேன். மலைச்சாமி ரிக்கர். முதுகுளத்தூர் பக்கத்து ஆள். கிரேன் தூக்கும் சாமானுக்குக் கயிறும் சங்கிலியும் கட்டிவிடுவது அவன் வேலை. கயிறு என்றால் அவனுக்கு உயிர். அதனால்தான் அந்த வருஷம் கயிறு இழுக்கும் போட்டி என்று அறிவிப்பு வந்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அண்ணாச்சியின் சட்டம்

அண்ணாச்சி எங்கள் கேம்ப் பாஸ். நாசரேத் பக்கத்துக்காரர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் துண்டு, சாவிக்கொத்து. தண்ணீர் வரவில்லை என்றாலும் அவரிடம்தான், இரண்டு ரூம்காரர்கள் அடித்துக்கொண்டாலும் அவரிடம்தான் போக வேண்டும்.

பிப்ரவரியில் வருகிற குவைத் தேசிய தின விடுமுறையில் போட்டி என்று அவர்தான் ஏற்பாடு செய்தார். முந்தின வருஷம் வேலைவாரியாக வைத்து, எலக்ட்ரிக்கல் ஆட்களும் சிவில் ஆட்களும் கைகலப்பு வரை போய்விட்டார்கள். ஆகவே இந்த முறை ஜில்லாவாரியாக என்று முடிவெடுத்தார். ஒரு ஜில்லாவுக்கு ஒரு அணி, அணிக்கு எட்டுப் பேர். அவ்வளவுதான் சட்டம்.

எங்களுக்கு அது நெஞ்சில் குத்தியது. ராமநாதபுரத்துக்காரர்கள் மூன்று பேர் தேறினார்கள். சிவகங்கையும் அப்படித்தான். விருதுநகர் என்று பார்த்தால் நானும், ஏசி மெக்கானிக் ஒருவரும். தனித்தனியாக ஒரு பயலும் இறங்க முடியாது. சேர்த்தால் சரியாக எட்டு. இது தெரிந்த நிமிஷத்திலிருந்து மலைச்சாமி தூங்கவில்லை.

அண்ணாச்சி அப்பளத் துண்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கும் உள்ளூர ஒரு கணக்கு இருந்தது. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி தனியாகப் போன பிறகு, அவருடைய ஆட்களும் இரண்டாகப் பிரிந்து எட்டுக்குத் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். தலையைச் சொறிந்துவிட்டு, பழைய ஜில்லாக் கணக்கே இருக்கட்டும் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"சேந்து இழுக்கணும்னா சேந்து பொங்கணும் பாத்துக்க. மூணு அடுப்புல தின்னுட்டு ஒரு ஜில்லான்னு எங்கிட்ட வரப்பிடாது."

எங்கள் கேம்ப்பில் அதுதான் வழக்கம். சமையல் கூட்டு எப்போதும் ஊர்வாரியாகத்தான். யார் எந்த அடுப்பில் சாப்பிடுகிறானோ அதுதான் அவனுக்கு முகவரி.

அடுத்த ஒரு மணி நேரம் கிச்சன் ஹாலைப் பார்க்க வேண்டுமே! தஞ்சாவூரும் திருவாரூரும் நாகப்பட்டினமும் கட்டிப்பிடித்துக்கொண்டன. தென்னார்க்காடு என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிருந்த விழுப்புரத்துக்காரன் கடலூர்க்காரனை "சொந்தக்காரா" என்று கூப்பிட்டான். தர்மபுரி சேலத்திடம் போய்ச் சேர்ந்தது. வெள்ளைக்காரன் போட்ட மதராஸ் மாகாணப் படம், குவைத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குள்ளே, கரண்டியும் கையுமாக மறுபடி எழுந்து நின்றது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சும்மா சொல்லவில்லை.

மூன்று ஜில்லாவில் குடியிருந்த வீடு

இந்த இடத்தில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

எனக்குச் சாத்தூர் பக்கம். அப்பா தாலுகா கச்சேரியில் டவாலி போட்ட சேவகர். மற்ற வீடுகளில் சோறு வெந்ததா என்று கேட்பார்கள் என்றால், எங்கள் வீட்டில் எந்தப் பிர்க்கா எந்தத் தாலுகாவில் இருக்கிறது என்றுதான் பேச்சு. அதையும் தெலுங்கில் பேசுவோம். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பிறகு சைட்டில் இந்தி என்று ஆகிப்போன வாழ்க்கை என்னுடையது.

நான் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது எங்கள் ஜில்லா ராமநாதபுரம். மீசை முளைத்தபோது ஒரு தலைவர் பெயரில் வேறு ஜில்லா. கல்யாணத்துக்குப் பிறகு தலைவர் பெயரை எடுத்துவிட்டு விருதுநகர் என்று வைத்தார்கள். ஒரு செங்கலைக்கூட நகர்த்தாமல் மூன்று ஜில்லாவில் குடியிருந்த குடும்பம் நாங்கள். தபால்காரர் மட்டும் மாறவே இல்லை. அவர் கடைசி வரைக்கும் எல்லாப் பெயர்களையும் சேர்த்தே திட்டினார்.

அப்பா இன்னொன்றும் சொல்வார். இந்த ராமநாதபுரம் ஜில்லாவே ஆதியில் கிடையாதாம். வெள்ளைக்காரன் மதுரையிலிருந்து கொஞ்சம், திருநெல்வேலியிலிருந்து கொஞ்சம் கிள்ளியெடுத்துச் செய்ததாம். ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன் பக்கமெல்லாம் மதுரை. எங்கள் சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் திருநெல்வேலி. இதை நான் காதோடு வைத்துக்கொண்டு, கேம்ப்பில் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். என் வாய் சும்மா இருக்குமா?

ஒரே அடுப்பு

கயிறு இழுப்பதைவிட, ஒரே அடுப்பில் சமைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

எங்கள் எட்டுப் பேரை நிறுத்திப் பார்த்தால் அது ஒரு திருவிழாக் கூட்டம். தொண்டிக்கார ரஃபீக்குக்கு ஹலால் கறிதான் வேண்டும். பரமக்குடி பத்மநாபன் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர், முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடமாட்டார். தேவகோட்டை சேவியர் தவக்காலம் வருகிறது, எனக்குக் கறி வேண்டாம் என்றான். மலைச்சாமிக்குக் கறி இல்லாத வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையே இல்லை. ஊரில் இந்த எட்டுப் பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்திருப்போமா? எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடையாது. அதனால் நாங்கள் யாரும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் நாள் எல்லாருக்கும் கோபம். இரண்டாம் நாள் ஓர் ஏற்பாடு வந்தது. அடுப்பு ஒன்று, சட்டி இரண்டு. பத்மநாபனின் சாம்பார் முதலில் இறங்கும், அப்புறம்தான் ரஃபீக் வாங்கி வந்த கறி ஏறும். சோறு பொது. நாலாவது நாள் பத்மநாபன் தட்டில் கறிக்குழம்பு தெறித்துவிட்டது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அவர் அந்தச் சோற்றை மட்டும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை நிதானமாகச் சாப்பிட்டார். ஜில்லா சேர்ந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

தினமும் டூட்டி முடிந்து, வேன் வந்து இறக்கியதும், கேம்ப் பின்னாலிருந்த மணல்வெளியில் பயிற்சி. குளிர்காற்று காதை அறுக்கும். மலைச்சாமி ஸ்டோரிலிருந்து வாங்கி வந்த மணிலாக் கயிறு உள்ளங்கையைத் தீய்க்கும். இரும்புக் கம்பத்தில் கட்டி இழுத்துப் பழகினோம். கம்பம் சாய்ந்து அண்ணாச்சியிடம் வசவு வாங்கியதும் உண்டு. அவ்வளவு சந்தோஷமாக நான் வசவு வாங்கியது வேறு எங்கும் இல்லை.

அப்புறம் விழுந்தது இடி. போட்டிக்கு முந்தின வாரம், எங்கள் ஏசி மெக்கானிக்கைச் சுத்திகரிப்பு ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கிற ஷட்டவுன் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயே தங்கல். விடுமுறைக்கும் வரமாட்டார். கலாஸ், கதை முடிந்தது. எட்டு ஏழாயிற்று.

கம்பத்துக்குப் பக்கத்தில் ஒருவன்

நாங்கள் பயிற்சி செய்யும்போது ஒருவன் தினமும் கம்பத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பான். பெயர் புஷ்பராஜ். இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன் என்று சொல்வார்கள், ஆனால் முப்பது வயதுக்கு மேல் இருக்கும். கம்பெனி ஆபீசில் ஃபராஷ். டீ போடுவது, பேப்பர் கொண்டுபோவது, தரை துடைப்பது. தேயிலை மலையில் பிறந்தவன் எஞ்சினியர்களுக்கு டீ பையை முக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஆள் குட்டை. ஆனால் கெண்டைக்கால் உரல் மாதிரி இருக்கும். சின்ன வயதிலிருந்து உர மூட்டை சுமந்து மலை ஏறி இறங்கிய கால் என்றான். மலைச்சாமியின் கண் அந்தக் காலை விட்டு அகலவில்லை.

ஏழு பேர் இழுத்துத் திணறிய அன்று, புஷ்பராஜ் எழுந்து வந்து கயிற்றின் கடைசி நுனியைத் தொட்டுப் பார்த்தான். "அண்ணே, எங்க பூட்டன் ஊரும் உங்க பக்கந்தாங்க. திருப்பத்தூருக்குக் கிட்ட. தோட்டத்துக்கு ஆள் சேக்குற கங்காணி கூட்டிக்கிட்டுப் போனதாம்" என்றான்.

மலைச்சாமி அவனை அப்படியே இடுப்போடு தூக்கிச் சுற்றினான். திருப்பத்தூர் என்றால் எங்கள் சிவகங்கைத் திருப்பத்தூர்தான். கயிற்றின் கடைசியில் அவனை நிறுத்தி, நுனியைத் தோளில் போட்டு இழுத்தோம். கம்பம் இரண்டாவது தடவையாகச் சாய்ந்தது.

மதுரை ஜில்லா

செய்தி பரவாமல் இருக்குமா? மதுரை அணியின் கேப்டன் மேலூர் பாண்டி நேரே அண்ணாச்சியிடம் போய் நின்றான். சிலோன் பாஸ்போர்ட்காரனை எப்படி ராமநாதபுரத்தில் சேர்ப்பது, அப்படியென்றால் நாளைக்கு நேபாளி குர்க்காவைக் கூட்டி வரலாமா என்று கேட்டான். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மறுநாள் போட்டி. வெள்ளிக்கிழமை கிச்சன் ஹாலில் பஞ்சாயத்து கூடியது.

எல்லா அடுப்பும் அணைந்திருந்தது. புஷ்பராஜைச் சட்டையெல்லாம் மாற்றி, தலை வாரி, நடுவில் நிறுத்தியிருந்தோம். அண்ணாச்சி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "ஏல, உம் பூட்டன் ஊரு எந்த ஜில்லா?"

இதைவிடச் சுலபமான கேள்வி உலகத்தில் உண்டா? ஒரே ஒரு பெயர் சொல்ல வேண்டும். புஷ்பராஜ் கையைக் கட்டிக்கொண்டு, தெளிவாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"மதுர ஜில்லாங்க."

ஹாலே அதிர்ந்தது. ஒரு நிமிஷம் முன்னால் சிலோன்காரன் என்று கத்திய பாண்டி, பெஞ்சைத் தாண்டி ஓடி வந்து அவன் தோளில் கை போட்டான். எங்கள் ஆள், எங்கள் அணிக்கு வரட்டும் என்றான். மலைச்சாமி முகத்தில் ஈயாடவில்லை. புஷ்பராஜ் என்ன தப்புப் பண்ணினோம் என்று தெரியாமல் எங்களையே பார்த்தான். வீட்டில் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொல்லியிருக்கிறான், பாவி.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. எழுந்து நின்று கத்தினேன். அவன் சொன்னது பொய்யில்லை. அவன் பூட்டன் கப்பலேறியபோது அது மதுரை ஜில்லாதான். ராமநாதபுரம் ஜில்லா அதற்கு அப்புறம்தான் பிறந்தது. மதுரையில் பாதி, திருநெல்வேலியில் பாதி எடுத்துச் செய்தது. ஆகவே அந்த மதுரை வேறு, பாண்டியின் மதுரை வேறு. அப்பா தாலுகா கச்சேரியில் கற்ற பாடம் முழுவதையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். பேசி முடித்தபோது பெருமையாகத்தான் இருந்தது.

அண்ணாச்சி என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். "அப்பம் சாத்தூரு ஆதியில எந்த ஜில்லாவே?"

"திருநெல்வேலி" என்றேன்.

"அப்பம் நீரு எங்க ஆளுல்லா?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. திருநெல்வேலிக்காரர்கள் என் கையைப் பிடித்து இழுத்தே விட்டார்கள். பாண்டி மலைச்சாமியையும் பத்மநாபனையும் மதுரைக் கணக்கில் எழுதச் சொன்னான். நானே என் வாயால் எங்கள் ஜில்லாவைக் கலைத்துவிட்டேன். மலைச்சாமி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அந்தக் கூச்சலில் புஷ்பராஜ் ஏதோ சொல்ல வாய் திறந்தான். அண்ணாச்சி மேஜையில் கரண்டியைத் தட்டினார். ஹால் அடங்கியது.

"அண்ணே, எனக்கு ஜில்லாக் கணக்கெல்லாம் தெரியாதுங்க. ஊர்ல எங்கள இந்தியாக்காரன்னாங்க. இங்க வந்தா சிலோன்காரன்னு சொல்றீங்க. மேல் ரூம்ல யாழ்ப்பாணத்து ஆளுங்க தோட்டக்காட்டான்னு எளக்காரமாச் சொல்றாங்க. எந்த ஜில்லான்னாலும் சரி. கயித்துல ஒரு எடம் குடுங்க, போதும்."

பாண்டி அவன் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "ஜில்லாவ வெள்ளக்காரன் வெட்டினான், ஒட்டினான். பொறவு நம்மாளும் வெட்டினான். அத நம்மால பேசித் தீக்க முடியாது. நான் கேக்கது ஒண்ணுதான். இவன் யாரு அடுப்புல சாப்பிடுதான்?"

அவன் எங்கும் சாப்பிடவில்லை. ஆபீஸ் பேன்ட்ரியில் கெட்டில் வெந்நீரில் நூடுல்ஸும், டின் மீனும் பாணுமாகத்தான் அவன் இத்தனை மாதம் ஓட்டியிருக்கிறான். பாண் என்றால் அவன் பேச்சில் ரொட்டி. எந்த அடுப்பிலும் அவன் தட்டுக்கு இடம் இருக்கவில்லை, எங்கள் அடுப்பிலும்தான்.

மலைச்சாமி எங்கள் அடுப்புக்குப் போனான். ஆறிப்போயிருந்த சோற்றை ஒரு தட்டில் வைத்தான். ஒரு பக்கம் பத்மநாபனின் சாம்பார், மறுபக்கம் ரஃபீக்கின் கறி. மேலே ஓர் அப்பளம், உடையாமல் முழுசாக. கொண்டுவந்து புஷ்பராஜ் முன்னால் வைத்தான். அவன் உட்காரவில்லை. அண்ணாச்சியைப் பார்த்தான்.

"உக்காருல."

உட்கார்ந்தான். நூறு பேருக்கு மேல் கூடியிருந்த ஹாலில், ஒரு மனுஷன் சோறு பிசைகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்பளத்தை அவன் உடைக்காமல் கடைசி வரை ஓரமாக வைத்திருந்தான். பிறகு அதையும் தின்றான். தட்டைக் காலி செய்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. குழம்பு உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தான். ரஃபீக் குழம்பு அவ்வளவு உறைக்காது.

இன்றைக்கு ஒரு நாள் போட்ட சோறு கணக்காகுமா என்று பாண்டி கேட்டுப் பார்த்தான். "அந்த ஒரு நாளாவது ஓம் அடுப்புல கூப்பிட்டியாடே?" என்று அண்ணாச்சி கேட்டார். அதோடு பஞ்சாயத்து முடிந்தது. என்னையும் திருநெல்வேலிக்காரர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அவர்கள் அடுப்பில் எனக்குச் சோறில்லை என்று சொல்லி.

கயிறு

மறுநாள் மணல்வெளி முழுக்க ஜனம். பெங்காலி, நேபாளி, பட்டான் எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். "ஜல்தி, ஜல்தி", "யல்லா, யல்லா" என்று அவரவர் பாஷையில் கூச்சல். மேல் ரூம் யாழ்ப்பாணத்துக்காரர்களும் வந்து ஒதுக்குப்புறமாக நின்றார்கள்.

தஞ்சாவூரை முதலில் சாய்த்தோம். மூன்று ஜில்லா கூடிய கூட்டமென்று ஆரவாரம் செய்தவர்கள், ஐலசா என்று மலைச்சாமி குரல் கொடுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்தார்கள். திருநெல்வேலியைச் சாய்த்தபோது அண்ணாச்சி நடுவராக இருந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. உள்ளங்கை தோல் உரிந்ததே தெரியவில்லை.

கடைசியில் மதுரையும் நாங்களும். ஆளுக்கு ஒரு இழுப்பு ஜெயித்து, மூன்றாவது இழுப்பு. இரண்டு பக்கமும் அசையவில்லை. கயிறு முறுக்கிக்கொண்டு முனகியது. புஷ்பராஜ் கடைசியில், நுனியை இடுப்பில் சுற்றி, குதிகாலை மணலில் புதைத்து, வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தான். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் ரஃபீக்கின் ஷூ அடி பிய்ந்தது. அவன் விழுந்தான், அவன் மேல் சேவியர், அவன் மேல் நான். வரிசையே கலைந்து ஆளாளுக்குக் கயிற்றை விட்டுவிட்டோம். தோற்றோம். நன்றாகவே தோற்றோம்.

ஒருவன் மட்டும் விடவில்லை. எட்டுப் பேர் இழுக்கிற கயிற்றை ஒற்றை ஆளாகப் பிடித்துக்கொண்டு, குப்புற விழுந்து, மணலில் உழுதுகொண்டே, கோட்டைத் தாண்டி மதுரைக்காரர்களின் காலடி வரைக்கும் போனான் புஷ்பராஜ். விசில் ஊதியும் விடவில்லை. மேலூர் பாண்டிதான் ஓடி வந்து, விரல் விரலாகப் பிரித்து எடுத்து, அவனைத் தூக்கி நிறுத்தினான். வாயெல்லாம் மணல். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் பரிசு ஒரு மூட்டை பாஸ்மதி அரிசி. ஒவ்வொருவரும் மைக்கில் பெயரும் தாலுகாவும் சொல்லிவிட்டு மூட்டையைத் தொட வேண்டும் என்றார் அண்ணாச்சி. மலைச்சாமி, முதுகுளத்தூர் தாலுகா. பத்மநாபன், பரமக்குடி தாலுகா. நான் சாத்தூர் தாலுகா என்று சொன்னபோது திருநெல்வேலிப் பக்கமிருந்து ஊளை வந்தது.

கடைசியாகப் புஷ்பராஜ். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பெயரைச் சொன்னான். அதற்கப்புறம் சத்தமில்லை. திருப்பத்தூர் என்று சொல்லு, திருப்பத்தூர் என்று மலைச்சாமி பின்னாலிருந்து கிசுகிசுத்தான். புஷ்பராஜ் கூட்டத்தைப் பார்த்தான், ஓரமாக நின்ற யாழ்ப்பாணத்துக்காரர்களைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான்.

"பழைய ராமநாதபுரம் ஜில்லா, பதுள தாலுகா" என்றான்.

அண்ணாச்சி மைக்கை வாங்கி அதை அப்படியே இன்னொரு தரம் சொன்னார். ஒருத்தரும் ஆட்சேபிக்கவில்லை, மேலூர் பாண்டிகூட.